வீட்டிலேயே ஸ்டிக் வெல்டிங் கற்றுக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்பூச்சுள்ள ராடைக் கொண்டு செய்யும் ஆர்க் வெல்டிங்கை, பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இல்லாமல், வீட்டின் பின்புறத்திலோ வண்டி நிறுத்துமிடத்திலோ தாமாகக் கற்றுக்கொள்ள விரும்புவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே உள்ளன. பெரும்பாலானோர் கையைப் பற்றியே கேட்கிறார்கள். விடைகளில் பல கண்ணைப் பற்றியவையாக இருப்பதைப் படிக்கும்போது காண்பீர்கள்.

ஆசிரியர் இல்லாமல் இதைக் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியும். கிடைமட்டமாக வைத்த இரும்புத் தகட்டின் மேல் ஒழுங்கான வெல்டிங் கோடு போடுவதற்குச் சில வாரப் பயிற்சி போதும். செங்குத்தாகவும் தலைக்கு மேலாகவும் வெல்டிங் செய்வதற்கு அதைவிடப் பல மடங்கு பொறுமை வேண்டும். மிக் வெல்டிங்கில் வயர் தானாக வந்துகொண்டிருப்பதால் முதல் நாளிலேயே பார்வைக்கு நல்ல கோடு விழுந்துவிடும், ஆனால் அந்தக் கோட்டுக்கு அடியில் இரண்டு தகடுகளும் ஒன்றோடொன்று உருகிக் கலக்காமலே இருக்கக்கூடும். ஸ்டிக்கில் தவறு செய்தால் ராடு ஒட்டிக்கொள்ளும், கோடு கோணலாகும், கசடு உள்ளே சிக்கும். தவறு அந்த இடத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், தனியாகக் கற்பவருக்கு இந்த முறையே ஏற்றது என்பது என் கருத்து. கேஸ் சிலிண்டர் தேவையில்லை, திறந்தவெளியில் மிதமான காற்று வீசினாலும் வேலை கெடாது என்பவை கூடுதல் வசதிகள்.

ராடின் மேல் உள்ள பூச்சு எதற்காக?

ராடின் நடுக்கம்பிக்கும் தகட்டுக்கும் இடையில் மின்சாரம் காற்றிடைவெளியைத் தாண்டிப் பாயும்போது உண்டாகும் மின்வில்லின் வெப்பநிலை பல ஆயிரம் டிகிரி செல்சியஸ் இருக்கும். அந்த வெப்பத்தில் உருகிய இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சினால் துளைகள் விழுந்து நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். பூச்சு எரிந்து உண்டாகும் வாயு உருகிய உலோகத்தைக் காற்றிலிருந்து மறைக்கிறது. பூச்சின் மற்றொரு பகுதி உருகி மேலே மிதந்து கசடாக உறைந்து, உலோகம் ஆறும்வரை போர்த்திக் காக்கிறது. மின்வில் அணையாமல் நிலையாக எரிவதற்கும் பூச்சிலுள்ள சேர்மங்களே உதவுகின்றன. 1904-இல் ஈசாப் நிறுவனத்தைத் தொடங்கிய சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஆஸ்கர் ஷெல்பெரி இத்தகைய பூச்சுள்ள ராடை உருவாக்கியவர். அதற்கு முன் வெறும் கம்பியைக் கொண்டு செய்த வெல்டிங் நம்பத்தக்கதாக இருக்கவில்லை. எனவே பூச்சு உதிர்ந்த ராடைக் கொண்டு பழகுவது வீண் வேலை.

எந்த வகை இயந்திரம் வாங்கலாம்?

160 ஆம்பியர் முதல் 200 ஆம்பியர் வரை தரக்கூடிய ஒற்றைக் கட்ட இன்வெர்ட்டர் இயந்திரம் வீட்டுப் பயன்பாட்டுக்குப் போதும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் இயந்திரம் உழைக்கும், ஆனால் எடை அதிகம், மின்சாரத்தையும் அதிகமாக இழுக்கும், பெரும்பாலும் ஏசி மின்னோட்டத்தை மட்டுமே தரும். இன்வெர்ட்டர் டிசி மின்னோட்டத்தைத் தருவதால் மின்வில் மென்மையாக எரியும். ராடை உரசும் நொடியில் கூடுதல் மின்னோட்டம் தருவது, ராடு ஒட்டிக்கொண்டால் மின்னோட்டத்தைக் குறைப்பது போன்ற வசதிகளும் அதில் இருக்கும். இவை தொடக்கநிலையில் இருப்பவரின் எரிச்சலைப் பெருமளவு குறைக்கும்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட ஆம்பியர் எண்ணைப் பார்த்து மயங்காமல், பின்புறத் தகட்டில் இருக்கும் டியூட்டி சைக்கிள் அட்டவணையைப் படியுங்கள். 120 ஆம்பியரில் 60 சதவீதம் என்று இருந்தால், 10 நிமிடங்களில் 6 நிமிடம் தொடர்ந்து எரிக்கலாம், 4 நிமிடம் ஆறவிட வேண்டும் என்று பொருள். ஒரு 3.15 மில்லிமீட்டர் ராடு ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் கரைந்துவிடும். பிறகு கசடைத் தட்டி, தேய்த்து, அடுத்த ராடை மாட்டுவதற்குள் இயந்திரம் ஆறிவிடும். ஆகவே பயிற்சிக் காலத்தில் இந்த வரம்பை நீங்கள் எட்டுவது அரிது.

வீட்டு மின் இணைப்பு தாங்குமா?

100 ஆம்பியரில் மின்வில்லின் அழுத்தம் சுமார் 24 வோல்ட், அதாவது மின்வில்லுக்கு மட்டும் 2.4 கிலோவாட் தேவை. இழப்புகளையும் சேர்த்தால் 230 வோல்ட் இணைப்பிலிருந்து 13 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் இன்னும் கூடுதலாக இழுப்பதுண்டு. விளக்குக்கும் விசிறிக்குமான சாதாரண பிளக்கில் இதை மாட்டக் கூடாது. தனி பிரேக்கரும் சரியான எர்த்தும் உள்ள, அதிகச் சுமைக்கான பிளக்கை எலக்ட்ரீஷியனைக் கொண்டு அமைத்துக்கொள்ளுங்கள். நீட்டிப்பு வயர் தேவைப்பட்டால் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு வயராக இருக்கட்டும். அதைச் சுருளாகவே வைத்துப் பயன்படுத்தினால் நடுவில் வெப்பம் சேர்ந்து உறை உருகும் என்பதால், முழுவதையும் விரித்துப் போடுங்கள்.

ஹெல்மெட் கண்ணாடியின் எண் எவ்வளவு இருக்க வேண்டும்?

80 முதல் 130 ஆம்பியர் வரையிலான வேலைக்கு 10-ஆம் எண் பொருந்தும். அதற்கும் குறைந்த ஆம்பியரில் 9, கூடுதலான ஆம்பியரில் 11 என்று மாற்றிக்கொள்ளலாம். முதலில் கறுப்பு அதிகமான எண்ணில் தொடங்கி, உருகும் உலோகம் தெளிவாகத் தெரியும்வரை ஒவ்வொரு படியாகக் குறைத்து வருவதே முறையான வழி.

தானாகக் கறுக்கும் ஹெல்மெட் வாங்கினால், ஈஎன் 379 அல்லது ஆன்சி இசட் 87.1 போன்ற தரக்குறி உள்ளதா என்று பாருங்கள். தரமான கண்ணாடியில் புறஊதாக் கதிரையும் அகச்சிவப்புக் கதிரையும் தடுக்கும் அடுக்கு நிரந்தரமாக இருக்கும். அது கறுக்கத் தவறினாலும் அந்தக் கதிர்கள் கண்ணை அடைவதில்லை. கையில் பிடிக்கும் தகடு வேண்டாம்: ஒரு கை அதிலேயே சிக்கிக்கொண்டால் ராடைத் தாங்கிப் பிடிக்க மறு கை இருக்காது.

படிக்கக் கண்ணாடி அணிபவர்கள் ஹெல்மெட்டுக்குள்ளும் அதை அணிய வேண்டும், அல்லது ஹெல்மெட்டில் பொருத்தும் உருப்பெருக்கு வில்லையை வாங்க வேண்டும். ‘எத்தனை நாள் பழகியும் கோடு நேராக வரவில்லை’ என்போரில் கணிசமானோருக்கு உண்மையான குறை, முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் பொருள் மங்கலாகத் தெரிவதுதான். வெளிப்புறத்துப் பாதுகாப்புக் கண்ணாடியில் தெறிப்புகள் ஒட்டி மங்கிப்போயிருந்தாலும் இதே நிலைதான். அது மிக மலிவான பொருள், தயங்காமல் மாற்றுங்கள். வேலை செய்யும் இடத்தின் மேல் நல்ல விளக்கு ஒன்றைத் திருப்பி வைத்தால், மின்வில் எரியும்போதுகூட முன்னால் உள்ள இணைப்புக் கோடு தெரியும்.

மின்வில்லை வெறும் கண்ணால் பார்த்துவிட்டால் என்ன ஆகும்?

ஒரு கணம் பார்த்ததால் பார்வை போய்விடாது. ஆனால் புறஊதாக் கதிர் விழிவெண்படலத்தைச் சுட்டுவிடும்; அந்த வலி அப்போதே தெரியாமல் 6 முதல் 12 மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போன்ற உறுத்தலோடு வரும். கண்ணைத் தேய்க்காமல், இருட்டான அறையில் குளிர்ந்த ஈரத்துணி வைத்துக்கொண்டு ஓய்வெடுங்கள். பொதுவாக ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். வலி கடுமையாக இருந்தாலோ, பார்வை மங்கினாலோ, இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ கண் மருத்துவரைப் பாருங்கள். வீட்டு வைத்தியம் என்று எதையும் கண்ணில் ஊற்ற வேண்டாம். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைத் தாமாகவே வாங்கித் திரும்பத் திரும்ப விடுவதும் புண் ஆறுவதைத் தடுக்கும்.

வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் இதே ஆபத்து உண்டு. வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் கதிரும் கண்ணைப் பாதிக்கும் என்பதால், மறைப்புத் திரை கட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

உடை எப்படி இருக்க வேண்டும்?

முழுக்கையுள்ள தடித்த பருத்திச் சட்டை, மடிப்பு இல்லாத பருத்திக் கால்சட்டை, தோல் கையுறை, மூடிய தோல் காலணி. பாலியெஸ்டர் துணி பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொள்ளுங்கள். திறந்த கழுத்தில் மின்வில்லின் கதிர் பட்டால் மாலைக்குள் தோல் சிவந்து எரியும். கசடைத் தட்டும்போது ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு வெறும் கண்ணோடு தட்டுவது பரவலாக உள்ள பழக்கம்; சூடான கசடுத் துண்டு கண்ணில் தெறித்து நேரும் காயம் மின்வில் தரும் காயத்தைவிட மோசமானது. ஹெல்மெட்டுக்கு உள்ளேயும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருங்கள்.

ஷாக் அடிக்குமா?

அடிக்கும். மின்வில் எரியாத நேரத்தில், ராடைப் பிடித்திருக்கும் ஹோல்டருக்கும் தகட்டில் மாட்டும் எர்த் கிளாம்புக்கும் இடையில் 60 முதல் 80 வோல்ட் வரை இருக்கும்; உலர்ந்த கையுறைக்கு அது பொருட்டில்லை, வியர்வையில் நனைந்த கைக்கு உயிராபத்து. வீட்டில் மின்கசிவு பிரேக்கர் இருக்கிறது என்ற துணிவு இங்கே உதவாது: வெல்டிங் பக்கத்துச் சுற்று, இயந்திரத்துக்குள்ளேயே மின்வாரிய இணைப்பிலிருந்து பிரிக்கப்பட்டிருப்பதால், அந்தப் பக்கம் உங்கள் உடல் வழியாகப் பாயும் மின்னோட்டத்தை அந்தப் பிரேக்கர் அறியவே அறியாது. ஈரத்தரையில் நிற்காதீர்கள், கையுறை நனைந்தால் மாற்றுங்கள், வெறுங்கையால் ராடு மாட்டாதீர்கள். மின்வில் அணைந்ததும் அழுத்தத்தைத் தாமாகக் குறைக்கும் விஆர்டி வசதி உள்ள இயந்திரம் கிடைத்தால் நல்லது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

எந்த ராடில் பழகத் தொடங்கலாம்?

6013. எளிதில் பற்றும், சீராக எரியும், ஏசியிலும் டிசியின் இரு முனைகளிலும் வேலை செய்யும். எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள், படியும் உலோகத்தின் இழுவிசை வலிமை சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 60,000 பவுண்டு என்பதையும், மூன்றாவது இலக்கமான 1 எல்லா நிலைகளிலும் பயன்படுத்தலாம் என்பதையும், கடைசி இலக்கம் மூன்றாவதோடு சேர்ந்து பூச்சின் வகையையும் காட்டுகின்றன. இந்தக் கணக்கில் 7018 என்பது 70,000 பவுண்டு வலிமையும் ஹைட்ரஜன் குறைந்த பூச்சும் உடைய ராடு. பாரம் தாங்கும் வேலைகளுக்கு அதுவே உயர்ந்தது. ஆனால் ஒருமுறை அணைந்தபின் நுனியில் கசடு மூடிக்கொள்வதால் மறுபடி பற்றவைப்பது கடினம், ஈரத்தையும் அது பொறுக்காது. 6013-இல் ஒரு கட்டு முடித்துவிட்டு அதற்குப் போகலாம்.

3.15 மில்லிமீட்டர் ராடும் 6 மில்லிமீட்டர் கனமுள்ள தகடும் பயிற்சிக்கு ஏற்ற சோடி. பலர் மெல்லிய தகடு எளிதாக இருக்கும் என்று எண்ணி அதில் தொடங்கி, ஓட்டை மேல் ஓட்டை போட்டுச் சலித்துவிடுகிறார்கள். கனமான தகடு வெப்பத்தை உள்வாங்கிக்கொண்டு, தவறுகளைப் பொறுத்து, உருகும் உலோகத்தைப் பார்க்க நேரமும் தரும்.

எத்தனை ஆம்பியர் வைப்பது?

ராடுப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வரம்பே முதல் வழிகாட்டி. பொதுவாக 2.5 மில்லிமீட்டருக்கு 60 முதல் 90 வரையும், 3.15 மில்லிமீட்டருக்கு 90 முதல் 130 வரையும், 4 மில்லிமீட்டருக்கு 140 முதல் 180 வரையும் அமையும். வரம்பின் நடுவில் தொடங்கி, விழுந்த கோட்டைப் பார்த்து 5 ஆம்பியர் கூட்டியோ குறைத்தோ திருத்துங்கள். ஆம்பியர் குறைந்தால் கோடு தகட்டின் மேல் கயிறு கிடப்பது போலப் புடைத்து நிற்கும், ஓரங்கள் தகட்டில் கலக்காது, ராடும் அடிக்கடி ஒட்டும். கூடினால் கோடு தட்டையாக அகலும், ஓரத்தில் பள்ளம் விழும், சுற்றிலும் தெறிப்பு அதிகமாகும், ராடு பாதி கரைவதற்குள் மீதிப் பாதி செந்நிறமாகிப் பூச்சு கருகும். தொடக்கநிலையில் இருப்போர் பயத்தால் குறைவாகவே வைக்கிறார்கள் என்பதால், சந்தேகம் வந்தால் கூட்டிப் பாருங்கள்.

ராடை எந்த முனையில் இணைப்பது?

டிசி இயந்திரத்தில் ஹோல்டரை நேர்முனையில் இணைப்பது பொதுவான வழக்கம். ஊடுருவல் ஆழமாக இருக்கும். 6013-ஐ எதிர்முனையில் இணைத்தால் ஊடுருவல் குறையும், மெல்லிய தகடுக்கு அது நல்லது. எர்த் கிளாம்பைத் துருவும் பெயின்ட்டும் நீக்கிய இடத்தில், வெல்டிங் செய்யும் இடத்துக்கு அருகில் மாட்டுங்கள். கிளாம்ப் சரியாகப் பற்றாததால் வரும் தொல்லைகளுக்கு இயந்திரத்தைக் குறை சொல்பவர்கள் ஏராளம்.

ராடு தகட்டோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

இதைக் கேட்காத தொடக்கநிலையாளர் இல்லை. ராடைத் தகட்டில் குத்தி நிறுத்தினால் நுனி அந்த இடத்திலேயே உருகி ஒட்டிவிடும். தீக்குச்சியை உரசுவது போல நுனியைத் தகட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்து, பொறி வந்த நொடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்க வேண்டும். பயத்தில் பத்து மில்லிமீட்டருக்குத் தூக்கினால் மின்வில் அணைந்துவிடும், அணைந்ததும் மறுபடி குத்துவோம், மறுபடி ஒட்டும்; இந்தச் சுழலில்தான் எல்லோரும் சிக்குகிறார்கள். வெல்டிங் தொடங்க வேண்டிய இடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால், வரப்போகும் கோட்டின் மேலேயே உரசிப் பற்றவைத்து, பிறகு தொடங்கும் புள்ளிக்குப் பின்னால் வந்து நின்று நகர்ந்தால், உரசிய தடம் கோட்டுக்குள் மறைந்துவிடும்.

ஒட்டிக்கொண்டால் மணிக்கட்டைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்புங்கள். வரவில்லையென்றால் ஹோல்டரின் பிடியை விடுவித்து ராடைத் தனியாக விடுங்கள். எந்த நிலையிலும் ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு ஆட்டிப் பார்க்காதீர்கள், விடுபடும் கணத்தில் மின்வில் மூளும். விடுவித்த ராடின் நுனியில் பூச்சு உடைந்திருந்தால், அந்தப் பகுதி கரையும்வரை பயனற்ற தகட்டில் எரித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வெல்டிங் செய்யும்போது கண் எதைப் பார்க்க வேண்டும்?

மின்வில்லை அல்ல. கண்ணைப் பறிக்கும் ஒளி அங்கே இருப்பதால் பார்வை இயல்பாக அங்கேயே போகும். கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் பார்வையை அதற்குச் சற்றுப் பின்னால், உருகிய உலோகம் தேங்கியிருக்கும் சிறு குட்டையின் மேல் நிறுத்துவதுதான். அந்தக் குட்டையின் அகலம், அது பின்னால் உறைந்துகொண்டே வரும் விளிம்பு, அது இருபுறத் தகட்டிலும் நனைந்து பரவுகிறதா என்பது ஆகிய மூன்றும் எல்லாத் தகவலையும் தந்துவிடும்.

கறுப்புக் கண்ணாடி வழியாக முதலில் எல்லாமே ஒரே ஆரஞ்சு ஒளியாகத் தெரியும். சில ராடுகள் கரைந்த பிறகு அதற்குள் இரண்டு பொருள்கள் இருப்பது பிரிந்து தெரியத் தொடங்கும். ராடின் நுனிக்குக் கீழே, மின்வில்லின் விசையால் சற்றுக் குழிந்து, வழவழப்பாக, பளபளத்துக் கிடப்பது உலோகம். அதன் பின்புறத்தில் கூடுதல் ஒளியோடு, கொதிப்பது போல அசைந்துகொண்டே வந்து, பின்னால் போகப் போக இருண்டு கெட்டியாவது கசடு. 6013-இன் கசடு நீர்த்தன்மை உடையது; மெதுவாக நகர்ந்தாலோ ராடை அதிகமாகச் சாய்த்தாலோ அது உலோகத்தை முந்திக்கொண்டு முன்னால் ஓடிவரும். அப்படி ஓடிவந்த கசடின் மேல் உலோகம் படிந்தால் அந்த இடம் உள்ளுக்குள் பொள்ளலாகிவிடும். கசடு நுனியை எட்டுவதைக் கண்டதும், மின்வில்லைக் குறுக்கி, சாய்வை மாற்றி, சற்று வேகமாக நகர்ந்து அதைப் பின்தள்ள வேண்டும். இதை உங்கள் கண் பிரித்தறிந்த நாளிலிருந்து முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதுவரை ஆம்பியரை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை.

குட்டை கண்ணில் படும்படி தலையை வைப்பதும் ஒரு வேலை. ராடுக்கு நேர் பின்னால் தலையை வைத்தால் ஹோல்டரும் புகையும் மறைக்கும், பக்கவாட்டிலிருந்து பாருங்கள். புகை மேலே எழும் பாதையிலிருந்து முகம் விலகுவதற்கும் அதுவே வழி.

மின்வில்லின் நீளம், சாய்வு, வேகம் எவ்வளவு?

மின்வில்லின் நீளம் ராடின் நடுக்கம்பியின் விட்டத்துக்குச் சமமாக, அதாவது சுமார் மூன்று மில்லிமீட்டராக இருக்கட்டும். ராடு கரைந்து குறுகிக்கொண்டே வருவதால், முன்னால் நகரும் அதே நேரத்தில் கையை இடைவிடாமல் கீழேயும் இறக்கிவர வேண்டும். புதியவர்களின் கை இறங்க மறந்து, கோட்டின் பிற்பாதியில் மின்வில் நீண்டுவிடும். காதும் இங்கே உதவும்: சரியான நீளத்தில் சத்தம் கூர்மையாகவும் சீராகவும் படபடக்கும், நீண்டால் உறுமலாக மாறித் தெறிப்பு கூடும்.

ராடை நகரும் திசையை நோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்த்து, கோட்டைப் பின்னால் விட்டபடி இழுத்துச் செல்லுங்கள். கோட்டின் அகலம் நடுக்கம்பியின் விட்டத்தைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு வரும் வேகமே சரியான வேகம். நெளித்து அகலப்படுத்தும் வேலைப்பாடுகளை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். இரண்டு கைகளையும் பயன்படுத்துங்கள், முழங்கையை மேசையிலோ இடுப்பிலோ ஊன்றுங்கள், தொடங்குவதற்கு முன் மின்வில் இல்லாமல் ஒருமுறை கையை முழு நீளத்துக்கும் ஓட்டிப் பாருங்கள்.

என்ன வரிசையில் பழகுவது?

தகட்டில் சாக்பீஸ் கோடு போட்டு, அதன் மேல் வெல்டிங் கோடுகளைப் பக்கம் பக்கமாக, ஒன்றின் மேல் மற்றொன்று மூன்றில் ஒரு பங்கு ஏறும்படி போட்டு நிரப்புங்கள். பிறகு ஒரு தகட்டின் மேல் மற்றொன்றை நிறுத்தி மூலையில் போடும் ஃபில்லெட், அதன்பின் ஓரத்தைச் சாய்வாகச் சீவிய இரு தகடுகளை இணைத்தல், கடைசியாகச் செங்குத்து. ஒவ்வொரு கோட்டையும் போட்டபின் கசடைத் தட்டி, கம்பி பிரஷால் தேய்த்து, உற்றுப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடங்குங்கள். கசடு தானாகச் சுருண்டு பெயர்ந்தால் கோடு நன்றாக விழுந்திருக்கிறது. ஓரங்களில் விடாமல் ஒட்டியிருந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது.

நான் போட்ட வெல்டு உறுதியானதா என்பதை எப்படி அறிவது?

உடைத்துப் பார்த்து அறியுங்கள். இரண்டு துண்டுகளைத் தலைகீழான டி எழுத்தைப் போல நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் ஃபில்லெட் போட்டு, ஆறியபின் வெல்டு இல்லாத பக்கத்திலிருந்து சம்மட்டியால் அடித்து, வெல்டு உள்ள பக்கமாக மடக்குங்கள். அப்போது வெல்டின் அடிமூலை விரியும். முழுவதும் மடங்கியும் உடையாவிட்டால் நல்லது. உடைந்தால் உள்ளே பாருங்கள்: தகட்டின் பழைய வெட்டு விளிம்பு நேர்க்கோடாக அப்படியே தெரிந்தால் அடிமூலை உருகவே இல்லை, கறுப்புக் கண்ணாடித் துணுக்குகள் இருந்தால் கசடு சிக்கியிருக்கிறது, வட்டத் துளைகள் இருந்தால் மின்வில் நீண்டிருக்கிறது அல்லது ராடோ தகடோ ஈரமாக, அழுக்காக இருந்திருக்கிறது. மேற்பரப்பு அழகாக இருந்த கோடு ஒரே அடியில் பெயர்ந்து வருவதையும், அவலட்சணமான கோடு அசையாமல் நிற்பதையும் காண்பீர்கள். கிரைண்டரால் மழுக்கி அழகுபடுத்திய வெல்டைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது.

இணைத்த பொருள் கோணிக்கொள்கிறது. ஏன்?

உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கி, தன் பக்கமாகத் தகட்டை இழுக்கும். முதலில் எல்லா மூலைகளிலும் இருபுறமும் டேக் அடித்து, அதாவது சிறு சிறு புள்ளிகளாக வெல்டு வைத்து, மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்து, பிறகு ஒரே இடத்தில் தொடராமல் எதிரெதிர் மூலைகளில் மாறி மாறி வெல்டிங் செய்யுங்கள். கிளாம்பை ஆறிய பிறகே கழற்றுங்கள். தேவைக்கு மேல் தடிமனாகப் போடும் வெல்டு வலிமையைக் கூட்டுவதைவிடக் கோணலைக் கூட்டும்.

மெல்லிய குழாயில் ஓட்டை விழுந்துகொண்டே இருக்கிறதே?

இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைவான கனத்தில் ஸ்டிக் வெல்டிங் திறமையானவர்களுக்கும் தொல்லை தரும். 2 மில்லிமீட்டர் ராடு, 40 முதல் 60 ஆம்பியர், ஹோல்டர் எதிர்முனையில், துண்டுகளுக்கிடையே இடைவெளி இல்லாமல், ஒன்றிரண்டு சென்டிமீட்டராக விட்டுவிட்டுப் போடுங்கள். முடிந்தால் பின்னால் ஒரு செம்புப் பட்டையைத் தாங்கலாக வையுங்கள். செம்பில் இரும்பு ஒட்டாது.

புகையால் ஆபத்து உண்டா?

உண்டு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. கதவைத் திறந்து வைத்து, காற்று பக்கவாட்டிலிருந்து வந்து புகையை விலக்கும்படி அமர்ந்து, வெல்டிங் புகைக்கான முகக்கவசமும் அணியுங்கள். துணி முகக்கவசம் இதற்குப் போதாது.

துத்தநாகப் பூச்சுள்ள ஜிஐ குழாயை அப்படியே வெல்டிங் செய்தால் வெண்புகை எழும்; அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் உடல்வலியும் வரும். பால் குடித்தால் வராது என்பது தொழிலாளர்களிடையே பரவலான நம்பிக்கை. அதற்கு ஆதாரம் இல்லை. வெல்டிங் செய்யும் இடத்தின் இருபுறமும் சில சென்டிமீட்டர் தூரத்துக்குப் பூச்சை அரைத்து நீக்கிவிட்டு, திறந்தவெளியில் செய்யுங்கள். குளோரின் கலந்த கரைப்பான் அடங்கிய பிரேக் கிளீனரால் துடைத்த பொருளில் மின்வில் மூட்டவே கூடாது: அதன் ஆவி மின்வில்லின் கதிரால் சிதைந்து பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகும்.

தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பொறிகள் தரையில் உருண்டு பல மீட்டர் தூரம் போகும். தொழிற்கூட விதிகள் 35 அடி, அதாவது ஏறக்குறைய 11 மீட்டர் தூரத்துக்குள் எரியக்கூடிய பொருள் இருக்கக் கூடாது என்கின்றன. வீட்டில் அத்தனை இடம் இருக்காது என்றால், அகற்ற முடியாதவற்றைத் தீத்தாங்கும் விரிப்பால் மூடுங்கள். பெட்ரோல், பெயின்ட், மரத்தூள், பழந்துணி ஆகியவை வெளியே போகட்டும். தீயணைப்பானும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் பூட்டிவிட்டுப் போகாமல் குறைந்தது அரை மணி நேரம், கூடுமானால் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்து பாருங்கள். புகைந்துகொண்டிருக்கும் தீ உடனே கண்ணில் படுவதில்லை.

ராடுகளை எப்படி வைத்திருப்பது?

6013-ஐ மூடியுள்ள டப்பாவில் உலர்வாக வைத்தால் போதும். நனைந்த 7018 அப்படியல்ல: பூச்சிலுள்ள ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து வெல்டுக்குள் புகுந்து, வெல்டிங் முடிந்த சில மணி நேரம் கழித்துக்கூட விரிசல் உண்டாக்கும். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதி, இந்த ராடைத் திறந்தபின் குறைந்தது 120 டிகிரி செல்சியஸ் அடுப்பில் வைத்திருக்க வேண்டும் என்றும், வெளியே 4 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றும் வரையறுக்கிறது. கதவுக் கொக்கி செய்பவர் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் 7018 பயன்படுத்தினேன் என்பதால் மட்டும் வலிமை வந்துவிட்டது என்று எண்ணவும் கூடாது.

எவற்றை வீட்டில் வெல்டிங் செய்யவே கூடாது?

பெட்ரோல் டேங்க், எண்ணெய் பீப்பாய், கேஸ் சிலிண்டர், உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத எந்த மூடிய கலனும். கழுவிக் காயவைத்தாலும் மடிப்புகளில் தங்கிய எச்சம் ஆவியாகி வெடிக்கும். டயர் மாட்டிய சக்கர ரிம்மும் அப்படித்தான், காற்றை இறக்கியிருந்தாலும் ரப்பர் சூடேறி உண்டாகும் வாயுவால் வெடிக்கக்கூடும். வாகனத்தின் ஸ்டியரிங், பிரேக் பாகங்கள், பாரம் தூக்கும் கொக்கி, ஏணி, மாடிக் கைப்பிடி ஆகியவை உடைந்தால் மனிதர் விழுவார், ஆகையால் தேர்ச்சி பெற்றவரிடம் கொடுங்கள். ஸ்பிரிங், உயர்வலிமை போல்ட் போன்ற பதப்படுத்திய எஃகு, வெல்டிங் சூட்டில் பதம் கெட்டு ஓரத்திலேயே முறியும்.

வாகனத்தின் உடற்பகுதியில் சிறு வேலை செய்வதென்றாலும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தொலைவில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங்குகள் வழியாகப் பாய்ந்து அவற்றின் பரப்பைப் பொத்துவிடும். வார்ப்பிரும்பில் 6013-ஐக் கொண்டு வெல்டிங் செய்தால் ஆறும்போதே பக்கத்தில் விரியும். அதற்கு நிக்கல் ராடும், குட்டிக் கோடுகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் சுத்தியலால் மெல்லத் தட்டி ஆறவிடும் முறையும் வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் வழக்கமான 304 வகைக்கு 308எல் ராடு, அதையே சாதாரண இரும்போடு இணைக்க 309எல் ராடு. அலுமினியத்துக்கும் ஸ்டிக் ராடு விற்கிறார்கள், ஆனால் அதை நல்ல டிக் இயந்திரம் (டங்ஸ்டன் முனையும் கேஸும் கொண்டு வெல்டிங் செய்வது) வைத்திருப்பவரிடம் கொண்டுபோவது நேரத்தையும் அலுமினியத்தையும் மிச்சப்படுத்தும்.